தண்டல் வீடு

அன்று பொரித்த சீலா மீனில் ஒரு துண்டைக்கூட அவர்கள் தொடவில்லை. ஒரே ஒரு சொல்தான் காரணம். சொன்னது நான். ஆனால் தவறு என்னுடையது அல்ல. சென்னைக்காரர்கள் ஒரு நல்ல சொல்லைக் கெடுத்து வைத்திருந்தால் தூத்துக்குடிக்காரி என்ன செய்ய முடியும்?

ஹூஸ்டனை அடுத்த சுகர்லேண்டில் என் தம்பி கிருபைராஜின் வீடு. எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் கடலடிக் குழாய் வரைபடம் போடுகிறவன். அவன் மனைவி யூனிஸ் மெடிக்கல் சென்டரில் நர்ஸ். மகள் ரெனிஷாவும், கூடப் படித்த ஜெர்ரி என்ற பையனும் ஒருவரையொருவர் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளத் தீர்மானித்திருந்தார்கள். அந்தப் பையனுடைய தாய் தகப்பன் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள் என்பதால் விசா எடுத்து நானும் வந்திருந்தேன். நான் இல்லாமல் எங்கள் குடும்பத்தில் சம்பந்தம் பேசிய வழக்கமில்லை.

செப்டம்பர் மாதம். காலை ஏழு மணிக்கே காற்று நனைந்த துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. கிருபையைக் கூட்டிக்கொண்டு பெல்லேர் சாலையில் உள்ள வியட்நாம்காரர் கடைக்குப் போய் ஒரு முழு மீன் வாங்கினேன். எங்கள் ஊர் சீலாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு மீன் இந்த வளைகுடாவில் கிடைக்கிறது. மரம் அறுக்கிற மெஷினில் வைத்து அறுத்துத் தருகிறேன் என்றான் கடைப் பையன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு முழுசாகவே வாங்கி வந்து, கேரேஜில் அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்து நானே அறுத்தேன். அரிவாள்மணை கிடையாது. ஒரு கத்தி, அதுவும் ரொட்டிக் கத்தி. ஒரு விரல் கனத்துக்கு ஒரே சீராகத் துண்டு போட எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

வீட்டுக்குள் மீன் பொரிக்கக் கூடாதாம். கம்பளத்தில் வாசம் ஏறிவிடுமாம். பட்டியோ என்கிற பின்புறத் திண்ணையில், இந்த ஊர்க்காரர்கள் இறால் மாதிரியான ஒரு பிராணியை அண்டா வைத்து அவிக்கிற பெரிய கேஸ் அடுப்பு இருந்தது. அதில்தான் இரும்புச் சட்டியை ஏற்றினேன். மசாலாவுக்கு உள்ளே, சட்டிக்கு வெளியே, தட்டுக்கு உள்ளே. ஒவ்வொரு தடவையும் அந்தக் கண்ணாடிக் கதவை இழுத்துத் திறக்க வேண்டும். நான் வாசற்படியில் கால் வைத்ததும் யூனிஸ் சொல்வாள்:

"கதவச் சாத்துங்க மைனி, ஏசி போகுது."

"என் கையில சட்டி இருக்குட்டி."

"காலால தள்ளுங்க."

முப்பது வருஷமாக எங்கள் வீட்டு மருமகள். இன்னும் என்னிடம் பேசுவது இந்த அழகில்தான்.

ஜெர்ரியின் அப்பா செல்வராஜ் பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவர். டெக்சாஸ் சிட்டியில் ஒரு ரிஃபைனரியில், விபத்து நடந்தால் காரணம் கண்டுபிடித்து அறிக்கை எழுதுகிற வேலை. அம்மா பிரீத்தா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவரும் நல்ல மாதிரியாகத்தான் வந்து உட்கார்ந்தார்கள். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த மக்ரூனைத் தட்டில் வைத்தேன். பிள்ளைகள் இருவரும் வாசலில் யாருடைய காரையோ பார்க்கப் போய்விட்டார்கள். கிருபை எண்ணெய்ச் சட்டிக்குக் காவலாகப் பட்டியோவில் நின்றான். யூனிஸ் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஆக, பேச வேண்டியது நான்தான். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

"ஊர்ல உங்க ஃபேமிலி என்ன பண்ணிட்டு இருந்தாங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள் பிரீத்தா.

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். எங்கள் ஊரில் தண்டல் என்றால் பாய்த்தோணியின் தலைவர். காற்றுப் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வெங்காயமும் வத்தலும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு தோணியை நடத்திப் போய்த் திரும்பக் கொண்டுவருகிறவர். அதைவிடப் பெரிய மரியாதை எங்கள் கடற்கரையில் கிடையாது.

"எங்க குடும்பம் தண்டல் குடும்பம். எங்க அப்பாவும் தண்டல், அவ்வோ அப்பாவும் தண்டல். ஊர்ல எறங்கி, தண்டல் வீடு எதுன்னு கேட்டியன்னா சின்னப்பிள்ளகூட கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுரும்."

செல்வராஜின் கையிலிருந்த மக்ரூன் வாய்க்குப் போகாமல் நின்றது.

"தண்டலா?"

"தண்டல்தான்."

"எப்டி, ஊருக்குள்ளயேவா?"

"ஊருக்குள்ள எதுக்கு? கொழும்பு வரைக்கும்."

"கொழும்பு வரைக்குமா!"

"போய்ட்டும் வந்துட்டும்தான் இருப்பாவ. கூட பத்து ஆளு. ஒவ்வொருத்தனும் பாறை மாதிரி இருப்பானுவோ. ஆனா அப்பா ஒரு சத்தம் போட்டாவன்னா போதும், அம்புட்டுப் பேரும் நடுங்குவானுவோ."

செல்வராஜ் மனைவியைப் பார்த்தார். "கைகலப்பு எல்லாம் வருமோ?"

"அப்பாகிட்டயா? எவனுக்குத் தைரியம்! சொல்பேச்சு கேக்காதவன மரத்துல கட்டிப் போட்டிருக்காவ."

நான் சொன்னது பாய்மரத்தை. அவருக்கு அது புளியமரமாகத் தெரிந்தது போலும். மக்ரூனைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பிரீத்தா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"பாவம் ஆன்ட்டி. அதுல எத்தன பேர் முழுகிப் போயிருப்பாங்க?"

எனக்கு முதுகில் தண்ணீர் ஊற்றியது மாதிரி இருந்தது. முன்பின் தெரியாத பெரம்பூர்க்காரிக்கு இது எப்படித் தெரிந்தது? யார் சொன்னார்கள்? சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"ஒம்பது பேரு," என்றேன். "அதப்பத்தி இந்த வீட்டுல நாங்க பேசுறதில்ல."

"ஒம்பது குடும்பமா!"

"எல்லாம் ஆண்டவர் சித்தம். அதுக்கு எங்க அப்பா என்ன செய்வாவ?"

கொஞ்ச நேரத்தில் செல்வராஜுக்குத் தலைவலி வந்துவிட்டது. இலை போடுகிற நேரத்தில் எழுந்து, இன்னொரு நாள் வருகிறோம் என்று மகனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கிருபை ஒரு கையில் ஜல்லிக்கரண்டியோடு வந்து நின்று, "எங்க போறாவ?" என்றான். மேசையில் மீன் அடுக்கடுக்காக ஆறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ரெனிஷா போனும் கையுமாக மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அத்தை, வாட் டிட் யூ டெல் தெம்? நம்ம தாத்தா லோன் ஷார்க்கா?"

"என்ன ஷார்க்கு?"

"சுறாதான்கா," என்றான் கிருபை. தலையில் கையை வைத்துக்கொண்டான். "அட ஆண்டவரே. மெட்ராஸ்ல தண்டல்னா வேற. வட்டிக்குக் குடுத்துட்டுத் தெனமும் வாசல்ல வந்து நின்னு வசூல் பண்ணுவானுவல்லா, அதுக்குப் பேரு தண்டல்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வந்த கோபத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கந்துவட்டிக்காரரா? எங்கள் அப்பா லாசர் தண்டலா? கையில் வாங்கிய வெற்றிலைக்குக்கூடக் கணக்குத் தீர்க்காமல் கரையேறாத மனிதரா?

"போனக் குடு. அந்தாள்ட்ட நான் பேசுதேன்."

"அத்தை, ப்ளீஸ். அங்கிள் இஸ் ரியலி அப்செட். அந்த மாதிரி ஃபேமிலில சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிட்டாராம். நிச்சயத்துக்கு வர மாட்டாராம். ஜெர்ரி பரவால்ல, நம்ம பண்ணிக்கலாம்னு சொல்றான். அங்கிள் வராம எனக்கு வேண்டாம். ஐ டோன்ட் வாண்ட் இட் லைக் தட்."

பிள்ளை அமெரிக்காவில் பிறந்தது. இருந்தாலும் அந்த ஒரு விஷயத்தில் எங்கள் ரத்தம்.

"நீ கேப்டன்னு சொல்லியிருக்கலாம்லக்கா," என்றான் கிருபை.

"எதுக்கு? கேப்டன் வெள்ளக்காரன் வச்ச பேரு. எங்க அப்பா தண்டலாப் பெறந்து தண்டலாச் செத்தாவ. மெட்ராஸ்காரனுக்குத் தமிழ் தெரியலன்னா நான் பேர மாத்தணுமா?"

"சொல்லைப் புடிச்சுட்டுத் தொங்காத. பிள்ள கல்யாணம் நிக்குது."

"நீதான் மீன் சட்டிக்குக் காவல் நின்னியே! உள்ள வந்து உக்காந்திருந்தா நீயே வெள்ளக்காரப் பேர எடுத்துச் சொல்லியிருக்கலாமே."

"சட்டிய விட்டுட்டு வந்தா தீயப் புடிச்சிரும்னு என்ன நிப்பாட்டுனதே நீதானக்கா!"

யூனிஸ் அதுவரை ஆறிய மீனை டப்பாக்களில் அடைத்துக்கொண்டிருந்தாள். மூடியை அழுத்தி மூடிவிட்டுச் சொன்னாள்:

"சரி, கேப்டன்னே சொல்லிருவோம். அதுக்குப் பொறவு, அந்த ஒம்பது பேரு யாருன்னு கேப்பாவளே. என்ன சொல்லப் போறீய மைனி?"

 அது கேள்வியே அல்ல, குத்தல். அந்தத் துணிச்சல் அவளுக்கு எப்படி வந்தது என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அப்பாவின் தோணி 'சாந்தமரியா' கொழும்பிலிருந்து திரும்பும் வழியில் வாடைக்காற்றில் மாட்டிக்கொண்டது. பாய் கிழிந்தது. பாய்மரத்தைக் கோடரியால் வெட்டித் தள்ளினார்கள். சரக்கைக் கடலில் தள்ளினார்கள். பிறகும் தோணி தாக்குப்பிடிக்கவில்லை, பிளந்து போயிற்று. பதினோரு பேர் போனதில் இரண்டு பேரை இன்னொரு தோணி தூக்கிக்கொண்டு வந்து கரை சேர்த்தது. அதில் ஒருவர் அப்பா. தோணியும் போய் ஆட்களும் போய்த் தண்டல் மட்டும் நடந்து வந்தார் என்று ஊரில் சொன்னார்கள். புறப்படும்போதே வானம் சரியில்லை என்று சிலர். வானத்தில் ஒன்றுமே இல்லை என்று சிலர். எங்கள் வீட்டில் அதைப் பேசக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அதற்குப்பின் யாரும் அப்பாவை நம்பித் தோணி கொடுக்கவில்லை. அதற்குப்பின் அப்பா செய்துகொண்டிருந்த காரியத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லை.

யூனிஸின் அப்பா அந்தோணிக்குருஸ் அந்த ஒன்பது பேரில் ஒருவர். அப்போது அவள் கைக்குழந்தை. கிருபைக்குப் பெண் பார்க்கும்போது எத்தனையோ நல்ல இடங்கள் வந்தன. அம்மாதான், அந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணை எடுத்தால் உங்கள் அப்பாவின் ஆத்துமாவுக்கு நல்லது என்றார். நானும் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தக் குச்சு வீட்டுக்குப் போனேன். எங்கள் குடும்பம் செய்த பெரிய காரியங்களில் அதையும் ஒன்றாகத்தான் நான் நினைத்து வந்திருக்கிறேன்.

பிள்ளைகள் ஒரு யோசனை செய்தார்கள். கால்வெஸ்டன் துறைமுகத்தில் அந்தக் காலத்துப் பாய்க்கப்பல் ஒன்றைப் பழுதுபார்த்து நிறுத்தியிருக்கிறார்களாம். செல்வராஜின் வீடு அங்கிருந்து பக்கம். இரண்டு குடும்பமும் அங்கே சந்தித்தால் தண்டல் என்றால் என்ன என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாமாம். எங்கள் அப்பாவைப் பற்றி விளக்க வெள்ளைக்காரன் கப்பல் வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நாங்கள் பெண் வீட்டார். போனேன்.

அங்கே இன்னும் மோசமான வெயில். கப்பல் மேல்தளத்தில் தார் உருகி வாடை அடித்தது. தொப்பி போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரர் கிழிந்த பாயை மடியில் போட்டுத் தடித்த ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து பார்த்தேன். தையல் நெருக்கமாகவே இருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார்.

"உங்க குடும்பத்துல யாராவது கப்பல்ல வேலை பாத்தாங்களான்னு கேக்குறாரு ஆன்ட்டி," என்றான் ஜெர்ரி.

"வேலை பாக்கல, நடத்துனாவன்னு சொல்லு."

செல்வராஜ் பக்கத்தில் வந்து நின்றார். முகம் கழுவி விட்ட மாதிரி இருந்தது.

"சாரி ஆன்ட்டி. ஜெர்ரி எல்லாம் சொன்னான். எங்க ஊர்ல அந்த வார்த்தை வேற மாதிரி. எங்கம்மா டெய்லரிங் பண்ணித்தான் எங்கள வளத்தாங்க. நாலு நாள் குடுக்க முடியாமப் போச்சு, அவ்ளோதான். தண்டல்காரன் வந்து எங்கம்மா உக்காந்து தச்சிட்டு இருக்கறப்பவே மெஷினத் தூக்கிட்டுப் போயிட்டான். நூலு ஊசியிலயே கோத்திருந்துச்சு. தெரு பூரா அத இழுத்துக்கிட்டே போச்சு. அதனால அந்த வார்த்தையக் கேட்டா எனக்கு..."

"போகட்டும்," என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருடைய வேலை அவரை விடவில்லை.

"ஆனா அந்த ஒம்பது பேர்னு சொன்னீங்களே ஆன்ட்டி. அது என்ன ஆச்சு? வெதர் வார்னிங் இல்லயா? ஓவர்லோடா? ரூட் காஸ் என்னன்னு யாராவது பாத்தாங்களா?"

"ஏங்க," என்றாள் பிரீத்தா, "இங்கயும் ஆரம்பிக்காதீங்க. வீட்ல பால் பொங்குனாக்கூட இவருக்கு ரூட் காஸ் வேணும்."

"சும்மா கேட்டேன்மா. கேப்டன் தப்பிச்சாரா?"

கப்பல் கயிறு ஒன்று தூணில் உரசிக் கிறீச்சிட்டது. கிருபை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவர் யார் எங்கள் அப்பாவை விசாரிக்க?

"ரெனிஷா, வா போவோம்," என்றேன். "சம்பந்தம் பேச வந்த இடத்துல நம்மளக் கூண்டுல ஏத்துதாவ."

யூனிஸ் அசையவில்லை. படிக்கட்டு ஓரத்தில் இந்தக் கடலில் மூழ்கிய பழைய பாய்க்கப்பல்களின் விவரம் எழுதிய பலகை ஒன்று இருந்தது. அதைப் படித்துக்கொண்டு நின்றவள் திரும்பினாள்.

"தப்பிச்சாவண்ணே," என்றாள். "இந்தப் பலகையில பாருங்க, கப்பல் பேரு இருக்கு, கேப்டன் பேரு இருக்கு. மத்த ஆளுங்களுக்கு எண்ணிக்கை மட்டும் போட்டிருக்கான். எங்க அப்பாவும் அப்படி எண்ணிக்கையில ஒரு ஆளுதான். அந்த ஒம்பது பேருல ஒருத்தரு."

"ஏட்டி யூனிஸ்!"

"இருங்க மைனி. முப்பது வருஷமா இருந்துட்டேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் உறவினரிடம் பேசுகிற குரல் அது. "அண்ணே, காத்துதான் காரணமா, மாமா புறப்பட்டது தப்பான்னு எனக்குத் தெரியாது. எங்க அம்மாவுக்கும் தெரியாது. ஒங்க அறிக்கையில என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க. அதுக்குப் பொறவு நடந்ததுதான் எனக்குத் தெரியும். மாமாவுக்கு ஒருத்தனும் தோணி குடுக்கல. தெனமும் விடியக்காலம் ஒரு ஓலப்பெட்டியத் தூக்கிட்டுக் கரைக்குப் போவாவ. கரையேறுற ஒவ்வொரு தோணியா, வள்ளமா போய் நிப்பாவ. அரிசி வந்த தோணியில ஒரு கை அரிசி. வெங்காயம் வந்தா நாலு வெங்காயம். வள்ளத்துல ஒரு மீனு. 'சாந்தமரியா வீடுவளுக்கு' அப்படின்னு மட்டும்தான் சொல்லுவாவளாம். சில ஆளு குடுப்பான். சில ஆளு, ஒம்பது பேரக் கொன்னுட்டுப் பிச்சைக்கு வந்தியான்னு கேப்பான். அதையும் கேட்டுக்கிட்டு நிப்பாவ."

 நான் படித்த பள்ளிக்கூடம் கடற்கரைச் சாலையில். தோழிகள், உங்க அப்பா அங்கே கையேந்திக்கொண்டு நிற்கிறார் என்பார்கள். நான் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவேன். துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பக்கத்து ஜன்னலை மூடி வைத்தே கணக்கெழுதினேன். இதையா இந்தப் பெரம்பூர்க்காரர்கள் முன்னால்?

"அத ஒம்பது பங்கு வச்சு, ஒம்பது வீட்டுக்கும் கொண்டாந்து குடுப்பாவ. நான் பள்ளிக்கூடம் போய், பெரிய பிள்ளையாகி, நர்சிங் சேருற வரைக்கும் எங்க வீட்டுல ஒல வச்சது அந்தப் பெட்டி அரிசியிலதான். ஊர்ல மாமாவத் தண்டல்னு கூப்புட்டதுகூட..." அவள் என்னைப் பார்த்தாள். "தோணி நடத்துனது கொஞ்ச காலம். வசூல் பண்ணுனதுதான் சாவுற வரைக்கும். நீங்க அன்னைக்குப் புரிஞ்சுக்கிட்ட தண்டலும் பாதி சரிதான்ணே. என்ன, அவ்வோ வாங்கிட்டுப் போகல. கொண்டாந்து குடுத்தாவ."

செல்வராஜ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்கம்மா அவரோட பேசுனாங்களா?" என்று கேட்டாள் பிரீத்தா.

"ஒரு வார்த்த பேசுனதில்ல. மாமாவும் எங்க வாசப்படி ஏறுனதில்ல. பெட்டியப் படியில வச்சிட்டு எட்டி நிப்பாவ. அம்மா திரும்பிப் பாக்காமலே என்னய அனுப்பிப் பெட்டியக் காலி பண்ணிக் குடுக்கச் சொல்லுவா. அவ்வளவுதான் பழக்கம்."

"அப்பறம் எப்டி இந்த வீட்லயே?"

"எங்க அம்மா தட்டுக் கொண்டு போய்க் கேட்டாவ," என்றேன் நான்.  "வேண்டாம்னு எத்தன பேர் சொல்லியும், நாங்க மனசு வச்சு..."

"நீங்க மனசு வச்சீய மைனி?" யூனிஸ் சிரித்தாள். பொல்லாத சிரிப்பு அல்ல. அலுத்துப்போன சிரிப்பு. "தட்டக் கொண்டு வந்தப்ப ஒங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு இப்பமும் ஞாபகம் இருக்கு. இந்தக் குச்சு வீட்டுப் பிள்ளைக்கு எம்பூட்டுப் பெரிய உபகாரம்னு. எங்க சித்தப்பாமாரு ஒங்களத் தட்டோட வெளிய தள்ளணும்னு நின்னாவ. அண்ணனக் கொன்ன வீட்டுக்குப் பிள்ளையக் குடுப்பியான்னு அம்மாவ அடிக்க வந்தாவ. அம்மா ஒரே சொல்லுதான் சொன்னா. அந்த மனுசன் சாவுற வரைக்கும் என் வாசப்படி ஏறல, என் பிள்ள அவரு வாசப்படி ஏறட்டும். அப்படின்னு என்னய அனுப்பி வச்சா. ஒங்களுக்குப் பொண்ணு குடுத்தது எங்க அம்மா, மைனி. நீங்க எடுக்கல."

பாய் தைக்கிற கிழவர் ஊசியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை புரியாதுதான். இருந்தாலும் எனக்கு அவமானமாக இருந்தது. கப்பலின் கைப்பிடிக் கயிறு உள்ளங்கையில் சுட்டது. நான் விடவில்லை.   

"ஒங்க அம்மா சொன்னத என்கிட்ட ஏன் நீ சொல்லல?" என்றான் கிருபை, மனைவியிடம்.

"ஒங்க அக்கா பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காவல்லா," என்றாள் அவள்.

வீட்டுக்குத் திரும்பும்வரை காரில் பிள்ளை பின்சீட்டில் தன் அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் குடும்பம் வீட்டுக்கு வந்தது. அந்த மனிதர் வாசலிலேயே ஒரு காலி டப்பாவை நீட்டினார்.

"ஆன்ட்டி, தண்டலுக்கு வந்திருக்கேன். அன்னிக்கு விட்டுட்டுப் போன மீன் பாக்கி இருக்கு."

என்ன பேச்சு இது! வேறு நாளாக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். யூனிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். ரெனிஷாவுக்கு நகைச்சுவை புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அதுவும் சிரித்தது. நிச்சயத்துக்கு எந்தக் கோவில், எந்த மண்டபம் என்று பிரீத்தா சோபாவில் உட்கார்ந்தபடியே பேச்சை ஆரம்பித்துவிட்டாள். அழைப்பிதழில் தாத்தா பேருக்கு முன்னால் கேப்டன் என்று போடலாமா என்று செல்வராஜ் கேட்டார். தேவையில்லை என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நல்ல வேளை.

நான் பட்டியோவில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். தெற்கே வானம் கறுத்துக் கிடந்தது. புழுக்கத்தில் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. முதல் ஈடு சட்டியிலிருந்து இறங்கியது. எங்கள் வீட்டில் முதல் ஈடு விருந்தாளிக்கு, அடுத்தது ஆண்களுக்கு. மருமகள் கடைசியில் அடுப்படியில் நின்றே சாப்பிட்டுக்கொள்வாள். முப்பது வருஷமாக அப்படித்தான். நடுத்துண்டாகப் பார்த்து இரண்டை ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் திறந்தேன்.

யூனிஸ் மேசையடியில் வெங்காயம் வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தட்டை நீட்டினேன். உள்ளே கால் வைக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை, வாசற்படியிலேயே நின்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"உள்ள வாங்க மைனி," என்றாள். "ஏசி போகுது."